செட் ஆயிருமுங்க சார்!

மக்களே, ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்டலை. ஆபீஸ்ல ஆணி அதிகம். இன்னிக்கும் வந்திருக்க மாட்டேன், வயித்தெரிச்சல் எழுத வெச்சிருச்சு.

போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். நம்ம பதிமூணு வயசு கார்ல முன் பிரேக் பேடு தேஞ்சு கிரீச் கிரீச்னு கத்திட்டு இருந்துச்சேன்னு பட்டறையில விட்டு புதுசு மாத்தி வீட்டுக்கு ஓட்டிட்டு வர்றேன். எங்க தெரு முனையில பால்காரர் டிவிஎஸ்ல கேனோட குறுக்க வந்தாரு. மிதிச்சேன். பெடல் கீழ போச்சு. போச்சு. போய்க்கிட்டே இருந்துச்சு. இலவம்பஞ்சு தலையணைய மிதிச்ச மாதிரி ஒரு 'மொத்'. கடைசியில வண்டி நின்னுச்சு, கேனுக்கும் பம்பருக்கும் நடுவுல ஒரு ஜாண் இருந்திருக்கும். பால்காரர் இறங்கி வந்து என் பரம்பரையப் பத்தி சொன்னதை இங்க எழுத முடியாது, குழந்தைகளும் படிக்கற இடம்.

நான் அப்போ வந்த வேகம் 20 கி.மீ. இருந்தா அதிகம். எனக்கு கை நடுங்குனது அந்த 20-க்காக இல்லைங்க. மறுநாள் காலையில அம்மா, தங்கமணி, ரெண்டு வாண்டுகளோட வால்பாறை போறதா பிளான். பொள்ளாச்சிக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மத்தவங்களுக்காக: ஆழியாறுல இருந்து மேல 40 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ஒண்ணும் தெரியாது. இறங்கும்போதுதான் பிரேக்கோட ஜாதகம் வெளிய வரும்.

வீட்டு வாசல்ல நிறுத்திட்டு பட்டறைக்கு போன் போட்டேன். எடுத்த பையன் கொஞ்சமும் பதறாம சொன்னான்.

"புது பேடுங்க சார், அப்படித்தான் இருக்கும். ரெண்டு நாள் ஓட்டுங்க, செட் ஆயிரும். நாளைக்கு மலை ஏறி எறங்குறீங்கன்னா இன்னும் நல்லதுங்க, தானா செட் ஆயிருமுங்க சார்."

இந்தப் பதிவே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

'செட் ஆயிடும்'ங்கற வார்த்தைய நம்ம ஊர்ல எதுக்கெல்லாம் சொல்றாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. புது செருப்பு கடிச்சா செட் ஆயிடும், புது மருமக முறைச்சா செட் ஆயிடும். அதெல்லாம் இருக்கட்டும். பிரேக்ல அந்த வார்த்தைக்கு ஒரே ஒரு இடத்துலதான் அர்த்தம் உண்டு. புது பேடோட முகம் சமமா இருக்கும், பழைய டிஸ்க் கிராமபோன் தட்டு மாதிரி வரி வரியா தேஞ்சிருக்கும். ரெண்டும் முழுசா ஒட்டி உரச கொஞ்சம் நேரம் ஆகும். காலியான ரோட்டுல மிதமான வேகத்துல இருந்து மெதுவா பிரேக் பிடிச்சு வேகம் குறைச்சு, விட்டு, ஆறவிட்டு, மறுபடி பிடிச்சு, இப்படி பத்து இருபது தடவை பண்ணச் சொல்வாங்க. அதுவரைக்கும் வண்டி நிக்க வழக்கத்தை விட கொஞ்சம் அதிகமா அழுத்த வேண்டியிருக்கும். அதாவது *பிடிப்பு* குறைவா இருக்கும். கால்ல லேசா ஒரு மெத்துனு கூட தெரியலாம். ஆனா பெடல் மேலயே நின்னு காலை எதிர்க்கணும். பெடல் பாதாளத்துக்குப் போறது வேற வியாதி. அது ஓடி ஓடி செட் ஆகற சமாச்சாரமே இல்லை. பேடு மாத்தறதுக்கு முன்னாடி கல்லு மாதிரி இருந்த பெடல், மாத்தினதுக்கு அப்புறம் பஞ்சு மாதிரி ஆனா, மாத்தினப்போ என்னமோ ஆகியிருக்கு. அதைக் கண்டுபிடிக்காம வண்டிய எடுக்கக் கூடாது. இது என் கட்சி.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதையும் சொல்லிடறேன், இல்லைன்னா விஷயம் தெரிஞ்சவங்க வந்து கும்முவீங்க. புது பேடு தடிமனா இருக்கும், அதனால காலிப்பர் பிஸ்டனை உள்ள தள்ளித்தான் மாட்டணும். மாட்டி முடிச்சதும் பிஸ்டன் பேடுல இருந்து தள்ளி உட்கார்ந்திருக்கும். அப்போ முதல் ரெண்டு மூணு மிதி தரை வரைக்கும் போறது சகஜம். நின்ன இடத்துலயே நிதானமா பம்ப் பண்ணப் பண்ண பிஸ்டன் வெளிய வந்து பேடைத் தொட்டுரும், பெடல் மேல ஏறிடும். அவ்வளவுதான். இது ரெண்டு நாள் வேலை இல்லை, அரை நிமிஷ வேலை. அதுவும் வண்டி நகர்றதுக்கு *முன்னாடி* பண்ண வேண்டிய வேலை. இதை மறந்துட்டு ரிவர்ஸ் எடுத்து செவுத்துல சாத்தினவங்க எத்தனை பேரோ.

கொஞ்சம் கணக்கு வாத்தியார் வேலை பார்க்கறேன், பொறுத்துக்குங்க. பிரேக் பைப்புக்குள்ள இருக்கறது திரவம். நாம பிரேக் ஆயில்னு சொல்றோம், எண்ணெயே கிடையாது, கிளைக்கால் வகையறா. திரவம் அமுங்காது. ஒரு முனையில அழுத்துனா அதே அழுத்தம் எல்லா முனைக்கும் போகும், எட்டாங்கிளாஸ்ல படிச்ச பாஸ்கல் விதி. மாஸ்டர் சிலிண்டர் விட்டம் 20 மி.மீ., காலிப்பர் பிஸ்டன் விட்டம் 50 மி.மீ.னு ஒரு உதாரணத்துக்கு வெச்சுக்குங்க. பரப்பளவுல பிஸ்டன் ஆறேகால் மடங்கு பெருசு. விசையும் ஆறேகால் மடங்கா பெருகும், அதனாலதான் நம்ம கால் ஒரு டன் வண்டிய நிறுத்துது. ஆனா இயற்கை எதையும் ஓசியில தராது. காலிப்பர் பிஸ்டன் 1 மி.மீ. நகரணும்னா மாஸ்டர் சிலிண்டர் உள்ள 6.25 மி.மீ. நகரணும். பெடலோட நெம்புகோல் 4 மடங்குன்னா நம்ம கால் 25 மி.மீ. இறங்கணும். ஒரே ஒரு சக்கரத்துல ஒரே ஒரு மில்லிமீட்டர் தேவையில்லாத இடைவெளி இருந்தா, பெடல்ல ஒரு இஞ்ச் காலி! நாலு சக்கரத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்தா என்ன ஆகும்னு நீங்களே போட்டுப் பாருங்க. இந்தக் கணக்கை மறக்காதீங்க, கடைசியில இதுதான் வில்லனைக் காட்டிக் கொடுத்துச்சு.

சரி, கதைக்கு வருவோம். ராத்திரி ஏழு மணிக்கு ரெண்டாவது கியரைத் தாண்டாம, ஹேண்ட் பிரேக்ல கை வெச்சுக்கிட்டே மறுபடி பட்டறைக்கு உருட்டிட்டுப் போனேன். (இதுவே தப்பு. அவங்களை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கணும். புத்தி லேட்டாதான் வருது.) பையன் பார்த்துட்டு "ஏர் பிடிச்சிருக்குங்க, எடுத்துடலாம்"னான். இன்னொரு பையன் உட்கார்ந்து பெடலை தரை தட்டத் தட்ட மிதிக்க, இவன் சக்கரம் சக்கரமா நிப்பிளைத் திறந்து ஏர் எடுத்தான். கண்ணாடி ட்யூப்ல ஒரு குமிழி கூட வரலை. நானும் எட்டிப் பார்த்துட்டேதான் இருந்தேன். அரை பாட்டில் ஆயில் போனதுதான் மிச்சம். அந்த பாட்டில் மூடி இல்லாம எத்தனை நாளா அலமாரியில கிடந்துச்சோ, அது தனிக் கதை, பின்னால வர்றேன்.

முடிச்சுட்டு என்னை உட்கார வெச்சு "மிதிச்சுப் பாருங்க சார்"னான். கல்லு மாதிரி இருந்துச்சு. ஆஹான்னு சாவியப் போட்டு ஸ்டார்ட் பண்ணினேன். பெடல் பழையபடி பஞ்சு.

இந்த இடத்துல எல்லாரும் ஏமாறுறோம். இன்ஜின் ஆஃப்ல இருக்கும்போது நாலஞ்சு தடவை மிதிச்சா பூஸ்டர்ல இருக்கற வேக்குவம் தீர்ந்துரும். அப்புறம் எந்த வண்டியா இருந்தாலும் பெடல் விறைப்பாத்தான் தெரியும், நம்ம காலுக்கு உதவி இல்லாததால. காலை வெச்சுக்கிட்டே ஸ்டார்ட் பண்ணினா பெடல் லேசா இறங்கி நிக்கும், அது நல்லது, பூஸ்டர் வேலை செய்யுதுன்னு அர்த்தம். இறங்கி, நிக்காம இன்னும் பஞ்சா போச்சுன்னாதான் வம்பு. அதனால பட்டறையில பெடலைப் பார்த்தா இன்ஜின் ஓடும்போதும் மிதிச்சுப் பாருங்க. அணைச்சு வெச்சு கல்லு மாதிரி இருக்குன்னு காட்டினா நம்பாதீங்க.

அடுத்து ஓனரே வந்தாரு. ரெண்டு மிதி மிதிச்சாரு. "மாஸ்டர் சிலிண்டர் போயிருச்சுங்க சார். திங்கக்கிழமை போட்டுடலாம், 4,800 ஆகும், லேபர் தனி."

பேடு மாத்த வந்த வண்டி, மத்தியானம் வரைக்கும் நல்லா நின்ன வண்டி, சாயங்காலம் மாஸ்டர் சிலிண்டர் போயிருச்சாம். நடக்காத விஷயம் இல்லை, அதையும் சொல்லணும். பழைய வண்டியில தினசரி ஓட்டத்துல மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் பாதி தூரம்தான் போய் வரும். மீதி தூரத்துல துருவும் கசடும் படிஞ்சு கிடக்கும். ஏர் எடுக்கறேன்னு பெடலை தரை வரைக்கும் உதைச்சா ரப்பர் சீல் அந்தக் கசடு மேல போய் கிழிஞ்சு வரும். விவரம் தெரிஞ்சவங்க பெடலுக்கு அடியில ஒரு மரக்கட்டைய வெச்சுட்டு அளவா மிதிக்கச் சொல்லுவாங்க. நம்ம பையன் மிதிச்ச மிதிக்கு புது சிலிண்டரே போயிருக்கும்.

ஆட்டோ பிடிச்சு வீட்டுக்கு வந்து வால்பாறை கேன்சல்னு அறிவிச்சேன். வாண்டுகள் அழுகை. தங்கமணி ஒரு பார்வை பார்த்தாங்க, அதுல 'நீங்களும் உங்க சிக்கனமும்'னு முழுப் பதிவே இருந்துச்சு. அந்தப் பார்வைக்குக் காரணம் இருக்கு, அதுவும் பின்னால.

ஞாயித்துக்கிழமை காலையில பட்டறைக்காரர் பையன் வண்டிய கட்டி இழுத்துட்டு வந்து வாசல்ல விட்டுட்டுப் போனான். அப்போதான் எதிர் வீட்டுப் பெரியவர் காபி டம்ளரோட வெளிய வந்தாரு. அரசு பஸ் டெப்போவுல முப்பது வருஷத்துக்கு மேல பிரேக் செக்ஷன் பார்த்து ரிட்டையர் ஆனவர். பஸ்ல இருக்கறது காத்து பிரேக், கார்ல இருக்கறது வேற சங்கதி. ஆனா ஒரு வியாதிக்காரனை எப்படி விசாரிக்கணும்னு அந்த மனுஷனுக்குத் தெரியும்.

"என்ன கண்ணு, ஊருக்குப் போகலியா?"

சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "பேடு மாத்தும்போது பைப்பைக் கழட்டுனானா? நிப்பிளைத் திறந்தானா?"

"இல்லீங்க ஐயா, பிஸ்டனை தள்ளி மாட்டுனான், அவ்வளவுதான்."

"அப்புறம் காத்து எந்த வழியா வந்துச்சு? ஆகாசத்துல இருந்தா?"

நியாயமான கேள்வி. ஆயில் போற வழி எதையும் திறக்காம பேடு மட்டும் மாத்தினா ஏர் புகறதுக்கு வாசலே இல்லை. பிஸ்டனைத் தள்ளும்போது பழைய ஆயில் பின்னாடி போகாம இருக்கட்டும்னு சிலர் நிப்பிளைத் திறந்து விடுவாங்க, அதை மூட ஒரு நொடி தாமதமானா ஏர் போகும். காலிப்பரையே கழட்டி இடது வலது மாத்தி மாட்டிட்டா நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்து, ஏர் மேல மாட்டிக்கிட்டு, ஜென்மத்துக்கும் வெளிய வராது. டப்பாவுல ஆயில் வத்த விட்டாலும் போகும். இது எதுவும் நடக்காதப்போ எடுத்த எடுப்புல 'ஏர்'னு சொல்றது, காய்ச்சல்னு வந்தவனுக்கெல்லாம் ஒரே ஊசி போடற மாதிரி.

அப்புறம் பெரியவர் சீட்டுல உட்கார்ந்து இன்ஜினை ஓட விட்டு, பெடல்கிட்ட பேச்சுக் கொடுத்தாரு. வேற எப்படி சொல்றதுன்னு தெரியலை. ஒரு மிதி, விட்டு உடனே இன்னொரு மிதி. "ஏர் இருந்தா பம்ப் பண்ணப் பண்ண ஏறி வரும், இது ஏறலை பாரு. அதே எடத்துலதான் நிக்குது, ஸ்பிரிங்கு மாதிரி." ரெண்டாவது மிதியில பெடல் உசரமா ஏறி விறைப்பா நின்னிருந்தா பின் சக்கர ட்ரம்ல லைனர் இடைவெளி அதிகம்னு சந்தேகப்பட்டிருப்பாராம். முன் பேடு மாத்தினவங்க பின்பக்கத்தை எட்டிக்கூட பார்க்கறதில்லை, ஆனா பெடல் இறங்கறதுக்கு பாதி நேரம் அந்த அட்ஜஸ்டர்தான் காரணம்னாரு. அப்புறம் ஒரு நிமிஷம் சீரா அழுத்திப் பிடிச்சுட்டே உட்கார்ந்திருந்தாரு, பெடல் ஒரு நூல் கூட இறங்கலை. "மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள்ள கசிஞ்சா இப்படிப் பிடிச்சா மெல்ல மெல்ல அடிக்குப் போகும். வெளிய ஒழுகுனாலும் போகும். இது போகலை. உன் மாஸ்டர் நல்லா இருக்குது கண்ணு. அந்தப் பையன் உதைச்ச உதைக்குத் தப்பிச்சது உன் அதிர்ஷ்டம்."

4,800 ரூபா மிச்சம். செலவு ஒரு நிமிஷம், ஒரு காபி.

அப்புறம் பண்ணினதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அவர்கிட்ட ஹோஸை நசுக்காம அடைக்கற வழவழப்பான கிளாம்ப் ரெண்டு இருந்துச்சு. (பிளையரால யாரும் பிடிச்சுடாதீங்க, உள் ரப்பர் கிழிஞ்சா புது வம்பு. பழைய வெடிச்ச ஹோஸ்ல கிளாம்பே போடக் கூடாது, ஹோஸை மாத்தணும்.) முன் ரெண்டு சக்கரத்து ரப்பர் ஹோஸையும் அடைச்சுட்டு என்னை மிதிக்கச் சொன்னாரு. பெடல் உசரத்துலயே விறைப்பா நின்னுச்சு. அப்போ மாஸ்டர், பின் சக்கரங்கள் எல்லாம் சுத்தம். இடது கிளாம்பை எடுத்தாரு, பெடல் கிட்டத்தட்ட அப்படியே இருந்துச்சு. வலது கிளாம்பை எடுத்தாரு. மொத்.

"கழட்டு அந்தச் சக்கரத்தை."

ஜாக்கியை மட்டும் நம்பாம அடியில முட்டுக் கொடுத்து, சக்கரத்தைக் கழட்டினோம். பார்த்தா உள்பக்க பேடு சாஞ்சு உட்கார்ந்திருக்கு. பேடோட ரெண்டு காதும் பிராக்கெட் பள்ளத்துல வழுக்கிப் போய் வரணும். அந்தப் பள்ளத்துல ஒரு சின்ன ஸ்டீல் கிளிப் இருக்கும். என் வண்டியில இருந்தது பதிமூணு வருஷத்துப் பழைய கிளிப். அதுக்கு அடியில துரு பொங்கி கிளிப்பையே தூக்கி விட்டிருக்கு. இடம் பத்தாத பள்ளத்துல புது பேடைச் சுத்தியலால தட்டி இறக்கியிருக்கான், தட்டின தடம் இருக்கு. மேல் காது உள்ள போச்சு, கீழ் காது போகலை. ஒரு பக்கம் டிஸ்க்கைத் தொடுது, இன்னொரு பக்கம் விலகி நிக்குது. ஒவ்வொரு மிதிக்கும் பேடு வளைஞ்சு நிமிர்ந்து, காலிப்பரும் கூடவே நெளிஞ்சு, விட்டா பிஸ்டனைப் பின்னாடி தள்ளி விட்டுடுது. பத்தாததுக்கு காலிப்பர் நகர்ற கம்பிகள்ல ஒண்ணு கிரீஸ் காஞ்சு இறுகிக் கிடக்கு. ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு இஞ்ச், கணக்கு ஞாபகம் இருக்கா? அந்த மில்லிமீட்டர் இங்கதான் படுத்திருந்துச்சு.

வயர் பிரஷ், உப்புத்தாள், பிரேக் கிளீனர். பள்ளத்தைச் சுரண்டி, கம்பியைத் துடைச்சு அதுக்குன்னு உள்ள சிலிகான் கிரீஸ் தடவி (சாதா கிரீஸ் ரப்பரை ஊற வெச்சுடும்), பேடு விரலால தள்ளினா வழுக்கற அளவுக்கு ஆனதும் மாட்டினோம். வலது முடிச்சு இடது. அங்கயும் அதே துரு, அளவு கம்மி. நின்ன இடத்துல நாலு பம்ப். அஞ்சாவது மிதியில பெடல் என் காலைத் திருப்பி உதைச்சுது. ஒரு பெடல் உதைச்சு கண்ணுல தண்ணி வந்தது எனக்கு இதுதான் முதல் தடவை.

இப்போ அந்தப் பின்னால வர்றேன்னு சொன்ன விஷயம், தங்கமணி பார்வையோட அர்த்தம். சனிக்கிழமை காலையில வண்டி விடும்போது அதே ஓனர் என்கிட்ட, "சார், கிளிப் கிட்டும் மாத்திடலாங்களா, 350 ஆகும்"னு கேட்டாரு. நான்தான், "ஒரு தகரத் துண்டுக்கு 350-ஆ, பழசே போடுங்க"ன்னேன். பேடும் அவர்கிட்ட வாங்கலை, ஆன்லைன்ல ஆஃபர்ல வாங்கி கையில கொடுத்தேன். லேபர் 600-னு சொன்னதை 400-க்கு அடிச்சுப் பேசி அதை வீட்டுல பெருமையா வேற சொன்னேன். சொ.செ.சூ.ன்னா இதுதான். சொந்த செலவுல கூட இல்லை, சிக்கனத்துல வெச்சுக்கிட்ட சூனியம்.

திங்கக்கிழமை பழைய கிளிப்பை எடுத்துட்டு பட்டறைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். ஓனர் அதைக் கையில வாங்கிப் பார்த்துட்டு கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னாரு, "400 ரூபாய்க்கு ரெண்டு சக்கரம் சார். துரு சுரண்டி, பின் கழட்டி கிரீஸ் போட்டா ஒன்றரை மணி நேரம். பசங்க நாப்பது நிமிஷத்துல முடிச்சாதான் எனக்கு வாடகை கட்டுபடியாகும்." அவர் சொன்னதுல பொய் இல்லை. என் முகத்துலயும் ஈயாடலை. ஆனா நான் ஒண்ணு கேட்டேன். "சரிங்ணா, 400-க்கு நாப்பது நிமிஷம்தான். ஒத்துக்கறேன். சாவி கொடுக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை அந்தத் தெருக்கோடி வரைக்கும் ஓட்டி பிரேக் பிடிச்சுப் பார்க்க மூணு நிமிஷம். அதுக்கும் சேர்த்து நான் பேரம் பேசலையே? போன்ல பையன் 'மலை எறங்குங்க, செட் ஆயிரும்'னு சொன்னானே, அதுக்கு யாரு கூலி கொடுத்தா?" அதுக்கு அவர்கிட்ட பதில் இல்லை. அடுத்து வந்த வண்டிக்கு அவரே சாவி வாங்கி ஓட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன். எனக்காகக் காட்டினாரோ என்னமோ, இருக்கட்டும்.

துரு வேலைக்குக் கூலி குறைச்ச குத்தம் என்னோடது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னது அவங்களோடது. 'தெரியலைங்க, வண்டிய எடுக்காதீங்க, நாளைக்குப் பார்க்கறோம்'னு அந்தப் பையன் சொல்லியிருந்தா நான் இப்பவும் அந்தப் பட்டறைக்குத்தான் ஆள் சேர்த்துட்டு இருப்பேன். ஒரு ஏ.சி. கூலிங் செட் ஆகலைன்னா வேர்க்கும், அவ்வளவுதான். பிரேக் செட் ஆகலைன்னா?

அந்த மூடி இல்லாத ஆயில் பாட்டிலையும் முடிச்சுடறேன். டாட் 3, டாட் 4 ரெண்டு ஆயிலும் காத்துல இருக்கற ஈரத்தைக் குடிக்கும். புது டாட் 3 குறைஞ்சது 205 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்கக் கூடாதுன்னு விதி. ஈரம் 3.7 சதவீதம் ஏறிட்டா அந்த அளவு 140-க்கு இறங்கிடும். டாட் 4-க்கு 230, ஈரம் ஏறினா 155. மலை இறக்கத்துல டிஸ்க் சூட்டுல ஆயில் கொதிச்சா ஆவியாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் தரைக்குப் போகும். வண்டி ஆறினதும் மறுபடி பெடல் நல்லா இருக்கும், அதனால அப்புறம் பார்க்கற யாரும் நம்ப மாட்டாங்க. அன்னிக்கு அந்த பாட்டில்ல இருந்து அரை பாட்டில் என் வண்டிக்குள்ள போயிருக்குல்ல? பெரியவரும் நானும் செவ்வாய்க்கிழமை சீல் பிரிக்காத புது பாட்டில் வாங்கி, டப்பா மூடி மேல போட்டிருக்கற அதே டாட் நம்பர் பார்த்து, பெடலுக்கு அடியில தேங்கா உரிக்கற மட்டையை வெச்சு, பூரா ஆயிலையும் மாத்தினோம். பழசு டீ டிகாக்ஷன் கலர்ல வந்துச்சு. பெயிண்ட்ல சிந்தினா உரிஞ்சு வந்துடும், உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க. என் ஃபெண்டர்ல ஒரு எட்டணா அளவுக்கு உரிஞ்சிருக்கு, ஞாபகார்த்தம்.

ஏ.பி.எஸ். உள்ள வண்டி வெச்சிருக்கவங்க இந்தக் கைவேலையோட நிக்காதீங்க. நம்ம நாட்டுல 2019 ஏப்ரல்ல இருந்து விக்கற கார்ல எல்லாம் அது கட்டாயம். அதோட யூனிட்டுக்குள்ள ஏர் போயிட்டா பல வண்டிகள்ல கம்ப்யூட்டர் மாட்டித்தான் எடுக்க முடியும். எந்தச் சக்கரத்துல ஆரம்பிச்சு ஏர் எடுக்கணும்ங்கறதும் வண்டிக்கு வண்டி மாறும். நம்ம ஊர் வண்டியில மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் இருக்கறதால பின் இடது சக்கரம்தான் தூரம், பொதுவா அங்க ஆரம்பிப்பாங்க. ஆனா உங்க வண்டி புஸ்தகம் என்ன சொல்லுதோ அதுதான் வேதம்.

போன ஞாயித்துக்கிழமை வால்பாறை போயிட்டு வந்தோம். கிளிப் கிட் புதுசு, 350 ரூபா, ஒரு பைசா பேரம் பேசலை. இறங்கும்போது ஏறின கியர்லயே இறங்குன்னு பெரியவர் சொல்லி அனுப்பியிருந்தாரு. ரெண்டாவது கியர்ல, 40-வது வளைவுல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா போர்டைப் பார்த்து வாண்டுகள் சத்தமா எண்ணிட்டே வந்தாங்க. ஒவ்வொரு வளைவுலயும் பெடல் அதே உசரத்துல நின்னுச்சு. ஆழியாறு டேம் தெரிஞ்ச இடத்துல ஓரமா நிறுத்தினேன். அம்மா பின் சீட்டுல தூங்கிட்டு இருந்தாங்க.

எழுப்பினதும் கேட்டாங்க, "ஏன் கண்ணு, அதுக்குள்ள எறங்கிட்டோமா?"

வர்ட்டா, ஆணி கூப்பிடுது.

டிஸ்கி: பெரியவர் காசு வாங்க மாட்டேன்னுட்டாரு. வால்பாறை டீத்தூள் ஒரு கிலோ கொடுத்தேன். "இதுக்கு எவ்வளவு கொடுத்த?"ன்னு கேட்டு, சொன்னதும், பேரம் பேசத் தெரியலைன்னு திட்டிட்டுப் போறாரு :-)